குடுவைச் செடியின் மூடி

அந்தக் காலத்தில், எறும்பும் செடியும் ஒரே மொழி பேசியபோது, மழைக்காட்டுக் குடுவைச் செடிக்கு மூடி கிடையாது. எப்போதும் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். விளிம்பில் தேன் கசியும். அடியில் புளித்த சாறு கிடக்கும். உள்ளே விழுந்தவர் யாரும் வெளியே வந்ததில்லை.

ஒரு கோடைக் காலையில் மயிலி என்ற எறும்பு, தேனுக்கு ஆசைப்பட்டு உள்ளே வழுக்கி விழுந்தாள். தங்கை தவிட்டி பதறிப்போய் எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, ஏறி வா!”

“முடியலடி. சுவரெல்லாம் வழுக்குது. சாறு கடிக்குது.”

“அழாத கண்ணு,” என்றது செடி, தாலாட்டுகிற குரலில். “வெயில்ல என் சாறு வத்திக் கெட்டியா இருக்கு. உச்சிப் பொழுதுக்குள்ள உங்கக்கா கரைஞ்சிடுவா.”

“மழைக்காலத்துல விழுந்த சில்வண்டு மட்டும் பல நாள் கத்திக்கிட்டே கிடந்துச்சே?”

“அப்போ மழைத்தண்ணி கலந்திருந்துச்சு. என் சாத்துல கண்ணுக்குத் தெரியாத பல்லு இருக்கு. நெருக்கமா இருந்தா ஓயாம கடிக்கும். தண்ணி கலந்தா அதே பல்லு தள்ளித் தள்ளிப் போயிடும். எப்பவாவதுதான் ஒரு கடி. பாவம், சில்வண்டு ரொம்ப நேரம் முழிச்சிருந்துச்சு.”

தவிட்டி அண்ணாந்து பார்த்தாள். குடுவைக்கு நேர் மேலே, நிழலில், ஓர் அகன்ற இலை பனிநீரைக் கிண்ணம்போல் ஏந்தியிருந்தது. அதில் ஏறிக் காம்பைக் கடிக்கத் தொடங்கினாள். கீழே அக்காவின் முனகல் தேய்ந்துகொண்டே வந்தது.

“அக்கா, பேசிக்கிட்டே இரு!”

“என்னத்தப் பேச? ஒரு காலக் காணோம்டி.”

“மிச்சம் அஞ்சு இருக்குல்ல!”

காம்பு பாதி அறுந்து இலை சாய்ந்தது. நீரெல்லாம் குடுவைக்குள் கொட்டியது.

“கடி குறைஞ்சிடுச்சுடி!” என்று கத்தினாள் மயிலி. நீர்த்துப்போன சாறு விளிம்புவரை உயர்ந்திருந்தது. அதில் மிதந்து வந்தவளை, விளிம்புக்கு இறங்கி ஓடிவந்த தவிட்டி பற்றி வெளியே இழுத்துவிட்டாள்.

அப்போது மிச்சக் காம்பும் முறிந்தது. இலை குடுவையின் வாய்மேல் விழுந்தது.

செடி கோபப்படவில்லை. இலையைத் தன் விளிம்போடு மெல்ல ஒட்டிக்கொண்டது.

“நல்ல காரியம் பண்ணினே கண்ணு,” என்றது. “இனிமே மழை உள்ள வராது.”

அன்று முதல்தான் குடுவைச் செடியின் வாய்மேல் மூடி நிற்கிறது. எவ்வளவு மழை கொட்டினாலும் உள்ளே இருக்கும் சாறு நீர்த்துப்போவதில்லை. அந்த மூடி முழுதாகச் சாத்திக்கொள்வதும் இல்லை. ஓர் எறும்பு நுழையும் அளவுக்கு எப்போதும் திறந்தே இருக்கிறது.