சுருதி சேரவில்லை என்று சொன்னவர்

குணசீலனுக்கு ஐம்பத்துநான்கு வயது. அலுவலகத்தில் கண்காணிப்பாளர். அவருக்குக் கிடாரும் பாட்டும் கற்றுக்கொடுத்த ரெபேக்காளுக்கு இருபத்தாறு. அவர் அவளை 'மிஸ்' என்பார். அவள் அவரை 'சார்' என்பாள்.

செவ்வாய்க்கிழமை மாலை வகுப்புக்கு வந்தவர் கிடாரை உறையிலிருந்து எடுக்கவில்லை.

"கதவைச் சாத்திக்கலாமா மிஸ்?"

"சாத்துங்க."

சாத்தினார். முன்னறையில் பிள்ளைகளோடு வந்த பெற்றோர் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் அவருடைய அலுவலகத்து அருள்தாஸ்.

"சனிக்கிழமை நடந்ததுக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

சனிக்கிழமை அலுவலகத்தில் ஒருவருக்குப் பணி ஓய்வு விழா. வாசித்துக்கொண்டே பாடும் அளவுக்குக் குணசீலன் இன்னும் வரவில்லை. அதனால் அவர் பாட, ரெபேக்காள் கிடார் வாசித்தாள். சுருதியை ஒரு கட்டை குறைத்துப் பாடலாம் என்று இரண்டு வாரமாகச் சொல்லியிருந்தாள். "அதெல்லாம் ஏறும் மிஸ்" என்று அவர் கேட்கவில்லை.

சரணத்தில் குரல் ஏறவில்லை. உடைந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

குணசீலன் அவள் பக்கம் திரும்பினார். "கிடார் சுருதி சேரல. கொஞ்சம் பார்த்து வாசிம்மா" என்றார். மைக்கில்.

இருநூறு பேர் அவளைப் பார்த்தார்கள். அவள் குனிந்து கிடாரின் திருகாணியைத் தொட்டாள். "ஸாரி சார்" என்றாள். அவர் மீதிப் பாட்டைப் பாடி முடித்தார். கைதட்டினார்கள்.

"கிடார் சரியாத்தான இருந்துச்சு மிஸ்?" என்று இப்போது கேட்டார்.

"சரியாத்தான் இருந்துச்சு."

"பிறகு ஏன் திருகுனீங்க?"

"திருகல சார். கையை மட்டும்தான் வச்சேன். உங்களுக்கு மூச்சு வாங்கிக்க நேரம் வேண்டியிருந்துச்சு."

குணசீலன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"மிஸ்னு கூப்பிடாம 'வாசிம்மா'ன்னு வேற சொல்லிட்டேன்."

"வயசுக்குச் சரிதான் சார்."

"கிண்டல் பண்ணாதீங்க மிஸ். மூணு நாளா சாப்பாடு இறங்கல. வீட்டுக்காரி வந்து, 'நல்லாத்தான் பாடுனீங்க, அந்தப் பொண்ணு கெடுத்துடுச்சு'ன்னா. நான் ஆமான்னேன்."

ரெபேக்காள் பாடக் குறிப்பேட்டை மூடி ஓரமாக வைத்தாள்.

"கோபமா மிஸ்?"

"அருள்தாஸ் சார் பிள்ளைங்க ரெண்டு பேரும் இன்னியோட நிக்கிறாங்க."

"எதுக்காம்?"

"கிடாருக்கே சுருதி சேர்க்கத் தெரியாதவங்க பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பாங்கன்னு கேட்டார். அவர் காதுல விழுந்ததை வச்சுப் பார்த்தா நியாயமான கேள்விதான். இன்னும் ரெண்டு வீட்டுல யோசிக்கிறாங்க."

"நீங்க உள்ளதைச் சொல்லியிருக்கலாமே?"

"நான் சொன்னா நம்புவாங்களா சார்?"

தெருவில் ஒரு பால் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. அது கடந்து போகும்வரை காத்திருந்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"தப்பு என்னோடது மிஸ்" என்றார். உதடு மட்டும் அசைந்த மாதிரி இருந்தது. "குரல்தான் ஏறல. நீங்க முதல்லயே சொன்னீங்க. நான் கேக்கல. எல்லாரும் சிரிச்சதும் பழியைத் தூக்கி உங்க மேல போட்டுட்டேன். மன்னிச்சுடுங்க."

அவர் பாடும்போது கேட்பதுபோலவே, தலையைச் சற்றுச் சாய்த்து அவள் முழுவதையும் கேட்டாள்.

"சரியா மிஸ்?"

"சுருதி சரியா இருக்கு சார்."

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். முன்னறையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"வெளியில உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத்தான் கேக்கல."