ஓம் என்று மட்டும் சொல்பவர்

சக்கர நாற்காலியின் ஒரு பிடியை மகன் குகதாசனும் மறுபிடியை மகள் தவமலரும் இழுக்க, அருளம்பலம் வாக்குச்சாவடிக்குள் கோணலாக வந்து சேர்ந்தார். பின்னால் வந்த பராமரிப்புக்காரி சத்தியரூபி மூக்கைப் பொத்திக்கொண்டாள். மூத்திர நாற்றம், அதன்மேல் சந்தனப் பவுடர். ஈர வேட்டியை மாற்றப் பிள்ளைகள் இருவருக்கும் நேரமிருக்கவில்லை.

தீவு தனிநாடாவதா, சேர்ந்தே இருப்பதா என்று அன்று வாக்கெடுப்பு. மகன் பிரிய நின்றவன். மகள் சேர்ந்திருக்க நின்றவள். பக்கவாதத்துக்குப் பின் தகப்பனிடம் மிஞ்சிய சொல் ‘ஓம்’ ஒன்றே. ஆமாம் என்பதற்கு அத்தீவில் அப்படித்தான் சொல்வார்கள். அவரைக் குளிப்பாட்டி உணவூட்டச் சமூகசேவைத் திணைக்களம் அனுப்பியவள் சத்தியரூபி. கஞ்சி வேண்டாமென்றாலும் ஓம்தான் சொல்வார். ஆனால் இடக்கண்ணை இறுக மூடிக்கொள்வார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள்.

“அப்பா, உங்களுக்காக நான் வாக்குச்சீட்டில புள்ளடி போடட்டோ?” என்றான் குகதாசன்.

“ஓம்.” இடக்கண் மூடியது.

“கேட்டீங்களோ ஐயா? தன்ர வாயால சொல்லிட்டார்,” என்றான் தேர்தல் அலுவலரிடம்.

“இவன் புள்ளடி போட்டா நாடு உருப்பட்ட மாதிரித்தான்,” என்று தவமலர் குனிந்தாள். “நான் போடட்டோ அப்பா?”

“ஓம்.” கண் திறக்கவில்லை.

தேர்தல் அலுவலர் சத்தியரூபியிடம் திரும்பினார். “பிள்ளை, நீர்தானே பராமரிக்கிறது? இவற்ற விருப்பத்தை எப்பிடி அறியிறது?”

எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்று திணைக்களம் எச்சரித்திருந்தது. கண்ணைப் பற்றி வாய் திறந்தால் ஏதோ ஒரு பக்கம் அவள் வேலைக்கு உலை வைக்கும்.

“எதைக் கேட்டாலும் ஓம்தான் ஐயா. அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

அலுவலர் வாக்கை மறுத்தார். “காட்டிக்குடுத்திட்டாய்,” என்றான் மகன். “இவனுக்கும் கிடைக்கேல்லை. நீ எங்கட ஆள்,” என்று மகள் அவள் தோளைத் தட்டினாள். அந்தக் கை பட்ட இடத்தைக் கழுவ வேண்டும்போல் இருந்தது. அருளம்பலம் இரு கண்களையும் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் கேட்டான், மகள் கேட்டாள், சத்தியரூபி எதுவும் கேட்கவில்லை. மூவரில் அருளம்பலத்தின் வாக்கைப் பறித்தது யார்?

சத்தியரூபிதான். பிள்ளைகள் பறிக்கப் பார்த்தார்கள், கை எட்டவில்லை. அவரிடம் ‘இல்லை’யும் உண்டென்று அறிந்தவள் அவள் ஒருத்தி. கண்ணைப் பார்த்துக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். அதை விழுங்கிவிட்டு நடுநிலை என்று பெயர் வைத்தாள். வெளியே பத்திரிகைக்காரர் கமெராவை உயர்த்தினார். குகதாசன் தகப்பனின் சட்டைப்பையிலிருந்த சீப்பை எடுத்துத் தன் தலையை வாரிக்கொண்டான்.