கண்ணாடிப் பெட்டிக் கடல்

முன்னொரு காலத்திலே, கடலைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒரு ராஜா இருந்தார். மகுடவர்மர் என்று பேர். அவருடைய நாடு மலைகளுக்கு நடுவே இருந்தது. கடலுக்குப் போக மாட்டுவண்டியில் மூன்று நாள் ஆகும். போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். இடுப்பு வலிக்குமாம் ராஜாவுக்கு! அதனால் கடல்தான் தன்னிடம் வரவேண்டும் என்று அடம்பிடித்தார்.

இப்படிப்பட்ட ஆள் எங்கே என்றுதானே மந்திரவாதிகள் அலைகிறார்கள்? உக்கிரகேசன் என்று ஒருவன் வந்து சேர்ந்தான். இரண்டு முழ நீளத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொலுமண்டபத்தில் வைத்தான். பெட்டியின் விளிம்புக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு.

"ராஜாவே, இதற்குள் கடலை நிறுத்தி, மீனையும் உயிரோடு வைத்து, ஒரு மண்டலம் காப்பாற்றுகிறவருக்குக் கேட்டதைக் கொடுங்கள். நாற்பத்தெட்டு நாளுக்குள் மீன் செத்தாலோ, தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கினாலோ, அந்த ஆள் மீனாகி என் ஜாடிக்குள் வரவேண்டும். யாராவது ஜெயித்தால் மீனானவர்கள் மனுஷராவார்கள், நான் மீனாவேன். இது என் மந்திரத்தின்மேல் சத்தியம்" என்றான். யார் ஜெயிக்கப்போகிறார்கள் என்ற தைரியம் அவனுக்கு.

முதலில் ஒரு யானைப்பாகன் போனான். அடுத்து அரண்மனைச் சமையல்காரர் போனார். மூன்றாவதாகக் கடற்கரை உப்பளத்திலிருந்து முத்துப்பேச்சி போனாள். பருவம் தப்பிப் பெய்த மழையில் உப்புப் பாத்தியெல்லாம் கரைந்து, வீட்டில் அடுப்பு எரியாத வருஷம் அது. "உப்புத் தண்ணியிலயே கெடக்கவ நான், எனக்குத் தெரியாததா?" என்று போனாள்.

மூன்று பேரும் செய்தது ஒன்றுதான். காலையில் பெட்டியில் கடல்நீரை நிரப்பினார்கள், சாயங்காலம் மீனை விட்டார்கள், வாரம் முடிவதற்குள் மீன் செத்து மிதந்தது. மூன்று பேரும் ஜாடிக்குள் போனார்கள்.

வண்டிக்காரர்கள் சொல்லி முத்துப்பேச்சியின் தங்கை சந்தனமாரிக்கு விஷயம் தெரிந்தது. அவளுக்கு அக்காவை விட்டால் ஆளில்லை. அழுதுகொண்டே வண்டி கட்டினாள். நாற்பது குடம் கடல்நீர், இரண்டு மூட்டை மணல், பாசியும் பூச்சியும் ஒட்டிய கடலடிக் கற்கள் ஒரு மூட்டை, எல்லாவற்றுக்கும் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்தாள்.

ஜாடியில் மூன்று மீன்கள் சுற்றின. ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். மூன்றாவது செம்மஞ்சள் மீன், உடம்பில் வெள்ளைப் பட்டை. அதன் இடது கன்னத்தில், அக்காவுக்கு மச்சம் இருந்த அதே இடத்தில், ஒரு கறுப்புப் புள்ளி. சந்தனமாரி ஜாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள்.

"இந்த மூன்றையும்தான் நீ காப்பாற்ற வேண்டும். ஜாடிக்குள் இன்னும் முப்பது நாள்தான் தாங்குவார்கள். பயமா இருக்கா, பெண்ணே?" என்றான் உக்கிரகேசன்.

"இருக்கு."

"அப்போ நான் சொல்றதைக் கேள். தண்ணீர் தெளிவாத்தானே இருக்கு? இப்பவே மீனை விட்டுடு."

கை பரபரத்தது. ஆனால் புதுப் பாத்தியில் முதல் நாளே யாராவது உப்பு வாருவார்களா? மிதித்து, தண்ணீர் கட்டி, தரை இறுகும்வரை காத்துக் கிடக்க வேண்டாமா? அவள் மணலைப் பரப்பிக் கல்லை அடுக்கிக் கடல்நீரை ஊற்றினாள். மீனை மட்டும் விடவில்லை.

அதற்கப்புறம் பட்ட பாடு இருக்கிறதே! மூன்றாம் நாள் தண்ணீர் கலங்கிப் பால் மாதிரி ஆனது. ஏழாம் நாள் நாற்றம் குடலைப் பிடுங்கியது. பன்னிரண்டாம் நாள் கண்ணாடியெல்லாம் பழுப்புப் பாசி. தண்ணீர் தேங்கக்கூடாதென்று பகலெல்லாம் அகப்பையால் மொண்டு மொண்டு ஊற்றினாள். பக்கத்தில் ஜாடியில் அக்கா நாளுக்கு நாள் வெளிறிக்கொண்டே வந்தாள். தப்புப் பண்ணிவிட்டோமோ, அக்காவை நாமே கொல்கிறோமோ என்று சந்தனமாரிக்குச் சோறு இறங்கவில்லை.

இருபதாம் நாள் தண்ணீர் தானாகத் தெளிந்தது. கல்லிடுக்கிலிருந்து மிளகு அளவில் ஒரு நத்தை கிளம்பி, கண்ணாடியில் ஏறிப் பாசியை மேய்ந்தது. இந்தத் தண்ணீரில் உயிர் பிழைக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

ஆனால் முதலில் யாரை விடுவது? முதல் மீனுக்குத்தான் ஆபத்து. யானைப்பாகனை விட்டுப் பார்க்கலாம்; செத்தால் அவன் சாவான். அப்படியும் நினைத்தாள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அவனுக்கும் வீட்டில் அழுகிற ஆள் இருக்குமே. அடுத்தவர் உயிரை வைத்துச் சோதிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"நம்ம வீட்டாளுதான் முதல்ல எறங்கணும். வா, அக்கா" என்றாள்.

அக்காவைக் கிண்ணத்தில் எடுத்து, பெட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பழக்கி, உள்ளே விட்டாள். அக்கா அடியில் போய் ஒருக்களித்துப் படுத்தாள். ஒரு நாழிகை அசையவில்லை. அப்புறம் வாலை ஒரு உதறு உதறிக் கல்லைச் சுற்ற ஆரம்பித்தாள். மூன்று நாள் விட்டு யானைப்பாகன் இறங்கினான். இன்னும் மூன்று நாள் விட்டுச் சமையல்காரர்.

முப்பதாம் நாள் உக்கிரகேசன் வந்தான். "பயமா இருக்கா, பெண்ணே?"

"இருக்கு."

"அப்போ நான் சொல்றதைக் கேள். உன் அக்கா வாயைப் பிளக்கிறாள் பார். நீ தினமும் போடுற ஒரு சிட்டிகை கூனி இறால் பொடி எந்த மூலைக்குப் போதும்? ஒரு பிடி போடு."

அக்கா கண்ணாடியில் முட்டி வாயைத் திறந்து திறந்து மூடினாள். வீட்டில் அடுப்பு எரியாத நாளெல்லாம் சந்தனமாரிக்கு நினைவு வந்தது. இங்கேதான் அவள் ஏமாந்தாள். பட்டினியைப் பார்த்த வீட்டுப் பெண் வேறென்ன செய்வாள்? ஒரு பிடி அள்ளிப் போட்டாள்.

மறுநாள் காலையில் பெட்டி கஞ்சித் தண்ணீராய்க் கிடந்தது. தின்றது போக மிஞ்சிய கூனி அடியில் அழுகியது. மூன்று மீன்களும் மேலே வந்து மூச்சுக்குத் திணறின. அக்கா சாய்ந்து மிதந்தாள். "ஐயோ, நானே கொன்னுட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் சந்தனமாரி. அடித்துக்கொண்டு நின்றால் ஆகுமா? அழுகலைத் துணியால் அரித்தெடுத்தாள். கோட்டுக்குக் கீழே இறங்காதபடி கொஞ்சம் இறைப்பதும், மிச்சம் வைத்திருந்த கடல்நீரை ஊற்றுவதுமாக, மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றினாள். கை மரத்துப்போகும்வரை மொண்டு மொண்டு ஊற்றினாள். சாயங்காலம் அக்கா நிமிர்ந்து நீந்தினாள். அன்றிலிருந்து அக்கா எவ்வளவு வாயைப் பிளந்தாலும் ஒரே ஒரு சிட்டிகைதான். போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கத்திரி வெயில் பிறந்தது. பெட்டித் தண்ணீர் நாளுக்கு அரை விரல் இறங்கியது. நாற்பதாம் நாள் அது சிவப்புக் கோட்டைத் தொட்டபோது உக்கிரகேசன் ஒரு குடத்தோடு வந்தான். "பயமா இருக்கா, பெண்ணே?"

"இருக்கு."

"அப்போ நான் சொல்றதைக் கேள். இது சுத்தமான கடல்நீர். குறையக் குறைய இதை ஊற்று."

எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள்! கடல் குறைந்தால் கடலைத்தானே ஊற்றவேண்டும்? சந்தனமாரியும் குடத்தைத் தூக்கிவிட்டாள். அப்புறம்தான் பாத்தி ஞாபகம் வந்தது. பாத்தியில் சூரியன் எதைக் குடிக்கிறது? தண்ணீரை. எதை விட்டுவைக்கிறது? உப்பை. அதன்மேல் மறுபடி கடல்நீர் கட்டினால் உப்பின்மேல் உப்பு ஏறும். அவளுடைய பிழைப்பே அதுதான். இந்தக் குடத்தை ஊற்றினால் எட்டு நாளில் அக்காவைச் சுற்றி ஓர் உப்பளம்தான் இருக்கும்.

"நீ சொல்றதக் கேட்டாத்தான் பயமா இருக்கு" என்று குடத்தை அவன் காலடியிலேயே வைத்தாள். கிணற்றுக்குப் போய் நல்ல தண்ணீர் மொண்டு வந்து குறைந்த அளவுக்கு ஊற்றினாள். அன்றிலிருந்து தினமும் அப்படியே.

நாற்பத்தெட்டாம் நாள் கொலுமண்டபம் நிரம்பியது. மூன்று மீன்களும் உயிரோடு இருந்தன, தண்ணீரும் கோட்டுக்குமேல் நின்றது. உக்கிரகேசன் விடுவானா? "ராஜாவே, மோசம்! இந்த எட்டு நாளும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினாள். இது கடலே இல்லை. இவளும் மீனாகட்டும்!" என்று கத்தினான்.

சந்தனமாரிக்கு அப்போதே விரல்கள் ஒட்டிக்கொள்வது மாதிரி இருந்தது. கழுத்தோரம் செவுள் வெடிப்பது மாதிரி எரிந்தது. தான் மீனானால் அக்காவைக் காப்பாற்ற அடுத்து யார் வருவார்கள்? யாரும் இல்லை.

"மகாராசா! நாக்கு உங்ககிட்ட இருக்கு. அவரு கொண்டாந்த கொடத்துல ஒரு சொட்டு, பெட்டியில ஒரு சொட்டு, தொட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்று கதறினாள்.

ராஜா குடத்தில் விரலை விட்டு நக்கினார். பெட்டியில் விரலை விட்டு நக்கினார். முகத்தைக் கோணினார். மறுபடி நக்கினார். 

"ரெண்டும் ஒரே கரிப்பு!" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, உக்கிரகேசனின் ஜடாமுடி செதிலானது. கருத்த மீனாய்த் தரையில் விழுந்து துடித்தான். பெட்டி வெடித்து, தண்ணீரோடு மூன்று பேர் மண்டபத்தில் உருண்டார்கள். யானைப்பாகன் எழுந்து கும்பிட்டான். சமையல்காரர் தேம்பி அழுதார். சந்தனமாரி துடிக்கிற மீனைப் பார்த்தாள். சாகட்டும் என்று நினைக்கத்தான் செய்தாள். ஆனாலும் அதைத் தூக்கிக் கடல்நீர்க் குடத்தில் போட்டு, அகப்பையை ராஜா கையில் கொடுத்தாள். "வெயிலுக்குக் கொறைஞ்சா கிணத்துத் தண்ணி ஊத்துங்க, மகாராசா. தீனி ஒரு சிட்டிகைதான். நீங்கதானே கடல் கேட்டீங்க?" ராஜா அகப்பையை வாங்கிக்கொண்டார். அவள் கேட்ட வரத்தின்படி, பாத்திகளைத் திரும்பக் கட்ட இருபது ஆட்களையும் அனுப்பிவைத்தார்.

முத்துப்பேச்சி நனைந்த சேலையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். இருமினாள், தும்மினாள், தங்கையை உற்றுப் பார்த்தாள்.

"ஏட்டி, ஒரு சிட்டிகையா? நான் வாயப் பொளந்துட்டு நிக்கேன், நீ மூஞ்சியத் திருப்பிட்டுப் போறே! கூடப் பொறந்தவளாட்டி நீ?"

சந்தனமாரி ஓவென்று அழுதபடி அவள் மடியில் விழுந்தாள். "திட்டுக்கா. இன்னும் திட்டு" என்றாள்.

ஊருக்குப் போக மூன்று நாள் வழி. மூன்று நாளும் அக்கா திட்டிக்கொண்டே வந்தாள். தங்கை சிரித்தபடி, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டே வண்டியை ஓட்டினாள்.