மிளகு இருந்த விரதம்

மலையடிவாரத்து மடத்தில் நாலு பேர், ஒரு நாய். நாயின் பெயர் மிளகு. மடத்தின் தலைவி கோதை அம்மைக்கு வயது நாற்பத்தொன்று. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த வரதப்பருக்கு அறுபத்து மூன்று. அவர் அம்மையை 'அம்மா' என்பார். அம்மை அவரை 'ஐயா' என்பார்.

ஏகாதசி கழிந்து மூன்றாம் நாள் காலை, வரதப்பர் கண் கலங்க வந்து நின்றார்.

"அம்மா, மிளகும் நம்மோடு ஏகாதசி விரதம் இருந்ததல்லவா? இன்னும் முடிக்கவில்லை. இன்றோடு நாலு நாள்."

"தண்ணீர்?"

"கொஞ்சம் நக்குகிறது. ஊரெல்லாம் இதே பேச்சு. நேற்று மட்டும் பதினேழு பேர் வந்து கும்பிட்டார்கள். யாரோ துளசி மாலைகூடப் போட்டுவிட்டார்கள்."

"அதற்கு ஏன் அழுகை?"

"பாதி பொறாமை. எனக்கு ஏகாதசி மத்தியானமே தலை சுற்றுகிறது. நாய்க்கு வந்த வைராக்கியம் எனக்கு ஏன் வரவில்லை?"

"மீதிப் பாதி?"

"விலா எலும்பு தெரிகிறது, அம்மா. இப்படியே போய்ச் சேர்ந்துவிடுமோ என்று பயம்."

"சோறு வைத்தால் என்ன செய்கிறது?"

"ஓடி வருகிறது. ஒரு வாய் கவ்வுகிறது. கீழே போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறது. பிறகு திரும்ப வருகிறது."

"எத்தனை தடவை?"

"நேற்று ஆறு."

"சோற்றை வெறுத்தவன் ஆறு தடவை வந்து பார்ப்பானா, ஐயா?"

வரதப்பர் அம்மையை மிளகு படுத்திருந்த இடத்துக்கு அழைத்துப் போனார்.

அம்மை மிளகின் அருகே தரையில் உட்கார்ந்தார். அது மடியில் தலை வைத்தது. கட்டைவிரலால் அதன் உதட்டை மெல்ல உயர்த்தினார். ஈறு செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது. பல்லடியில் பழுப்பாகக் காரை படிந்து, ஓரத்தில் சீழ் கோத்திருந்தது.

"இந்த நாற்றம் எத்தனை நாளாக?"

"ஐந்து மாதம் இருக்கும். நாய் வாய் என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன். என் மடியில்தான் தூங்கும். நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன்."

அம்மை மிளகின் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். "வண்டி பிடியுங்கள்."

கால்நடை மருத்துவர் மயக்க ஊசி போட்டு, காரையைச் சுரண்டினார். நாற்பத்திரண்டில் ஏழு பல்லைப் பிடுங்கவேண்டியிருந்தது.

"விரதமா? வலி, பெரியவரே. பசியோடுதான் கிடந்திருக்கிறது. ஈறு ஆறியதும் தினமும் பல் துலக்கிவிடுங்கள். உங்கள் பற்பசை ஆகாது. நாய்க்கென்று தனியாக விற்கிறது."

மறுநாள் குழைந்த சோறு வைத்தார்கள். மிளகு இரண்டு தட்டுச் சாப்பிட்டது. வரதப்பர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் எண்ணினார்.

காயம் ஆறியது. தினமும் பூஜைக்கு முன்னால் வரதப்பர் விரலில் துணி சுற்றிக்கொண்டு அதற்குப் பல் துலக்கிவிட உட்கார்ந்தார். முதல் நாள் இரண்டு பல்லுக்குமேல் மிளகு விடவில்லை.

"அடே, காட்டடா! கடிக்காதே. உனக்கு முப்பத்தைந்து பல் இருக்கிறது, எனக்கு இந்தக் கையில் அஞ்சே விரல்!"

பத்தாம் நாள் முப்பத்தைந்தும் முடிந்தது. இப்போது அவர் முகத்தைத் திருப்பவில்லை.

மறுமாத ஏகாதசியன்று வாசலில் பூவும் கற்பூரமுமாக இருபத்து மூன்று பேர் வந்து நின்றார்கள். வரதப்பர் அம்மையிடம் ஓடினார்.

"விரத நாயைத் தரிசிக்க வந்திருக்கிறார்கள், அம்மா. அதுவோ சமையலறை வாசலில் சோறு கேட்டுக் குரைக்கிறது. மானம் போகிறது. பின்பக்கம் கட்டிப்போடட்டுமா?"

"எதற்கு? அன்றைக்கு அது பசியில் கிடந்ததைக் கும்பிட்டார்கள். இன்றைக்குச் சாப்பிடுவதைக் கும்பிடட்டும். சோற்றை அவர்கள் எதிரிலேயே வையுங்கள், ஐயா."