பப்பாளியின் சிபாரிசு

கோட்டைமலை அடிவாரத்தில் ஒரு பப்பாளித் தோப்பு இருக்கிறது. முன்பொரு காலத்தில் அங்கே ஒரு பழம் விழுந்து, விழுந்த இடத்தில் கிணறு உண்டானது என்று சொல்வார்கள். கிணறு இன்றும் இருக்கிறது. பழத்தைப் பார்த்தவர்கள்தான் யாரும் உயிரோடு இல்லை.

தோப்புக்குச் சொந்தக்காரர் தாணம்மை. வயது முப்பத்தெட்டு. ஏழு நாவல் எழுதியவர். எழுதக் கற்றுக்கொடுங்கள் என்று அவரைத் தேடி வருகிறவர்கள் உண்டு. வந்தவர் கையில் முதலில் மண்வெட்டியைக் கொடுப்பார். பேனாவைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார். அப்படி வந்தவர்களில் நான்கு பேர் நல்ல விவசாயிகள் ஆகிவிட்டார்கள். அந்த அளவுக்கு இலக்கியம் பிழைத்தது.

ஐந்தாவதாக வந்தவர் சொர்ணம். குருவைவிட எட்டு வயது மூத்த சீடர். தாணம்மையை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்.

சொர்ணம் சில நாள் வேட்டி கட்டுவார், சில நாள் சேலை கட்டுவார். வேட்டி கட்டிய நாளில் ஆண். சேலை கட்டிய நாளில் பெண். வேஷம் எதுவும் இல்லை, இரண்டும் அவர்தான். என்றைக்கு எது என்று கேட்டால், “காலையில முழிச்ச பிறகுதான் எனக்கே தெரியும்” என்பார்.

தோப்பில் அதை யாரும் கேட்டதில்லை. அங்கே இருந்தது டீச்சரும் ஒரு நாயும்தான். நாய் மட்டும் முதல் வாரத்தில் சேலையைப் பார்த்துக் குரைத்தது. அதுவும் சேலைக்காக இல்லை, சேலையில் அச்சடித்திருந்த மயிலுக்காக என்று பிறகு தெரிந்தது.

சொர்ணம் எழுதிக்கொண்டிருந்த நாவலிலும் அப்படி ஒருவர் உண்டு. பெயர் இளவெயில். முந்நூறு பக்கம் ஆகியும் இளவெயில் தன் காலில் நிற்கவில்லை.

“ரெண்டு ஆளாப் பிரிஞ்சு போகுது டீச்சர்.”

டீச்சர் நாவலின் காகிதக் கட்டைப் புரட்டிப் பார்த்தார்.

“ஆணா இருக்கிற அத்தியாயம் பூராவும் பாறையா உருளுது. பெண்ணா இருக்கிற அத்தியாயத்துல கால் வைக்க இடமில்லாம முல்லைக்கொடி. பாறையையும் கொடியையும் எடுத்துட்டா மிச்சம் யாரு இருக்கா?”

சொர்ணம் எழுந்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இது நடந்து பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சொர்ணத்தின் தங்கை முத்துப்பேச்சி தோப்புக்கு வந்தாள். இடுப்பில் மூன்று வயது மகள் யாழினி.

அன்றைக்கு வேட்டி. அதனால் “அண்ணே” என்று ஆரம்பித்தாள். சேலையாக இருந்திருந்தால் “அக்கா” என்று ஆரம்பித்திருப்பாள். பதினைந்து வருஷப் பழக்கம். நாக்குத் தடுமாறுவதில்லை.

“அண்ணே, வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு யாழினிக்குக் காது குத்து. பத்திரிகை அடிக்கக் குடுக்கணும். இன்னைக்குச் சாயங்காலத்துக்கு மேல பிரஸ்காரர் காத்திருக்கமாட்டாராம்.”

“அடிக்க வேண்டியதுதானே.”

“தாய்மாமன் மடின்னு ஒரு வரி வருமே. அதுல யாரு பேரைப் போட?”

காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். முத்துப்பேச்சியோடு கூடப் பிறந்தது சொர்ணம் ஒருவர்தான்.

“ஏன், என் பேருக்கு என்ன?”

“எங்க வீட்டுக்காரரோட அண்ணன், எங்க மூத்தார், சொல்லிட்டாரு. வேட்டியில வந்தா மடி உனக்கு. சேலையில வந்தா நம்ம பெரியப்பா மகன் வேலாயுதத்துக்கு.”

“வேலாயுதமா? அவன் மடி பூரா தொப்பையில்ல இருக்கு. பிள்ளை எங்க உக்காரும்?”

“அதைத்தான் நானும் கேட்டேன்.”

சொர்ணம் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

“நீ என்ன நினைக்கிறே, பேச்சி?”

“நான் என்ன நினைக்க. நீ எதுல வந்தாலும் பிள்ளையை உன் மடியிலதான் வைப்பேன். முணுமுணுப்பாங்க. முணுமுணுத்துக்கிட்டே மூணு தரம் கறி வாங்கிச் சாப்பிடுவாங்க. அது என் பாடு. நீ வராம இருந்துராதே, அவ்வளவுதான். என் வளைகாப்புக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனியே, அந்த மாதிரி பண்ணிராதே.”

சொர்ணம் தலையைக் குனிந்துகொண்டார். யாழினி அவர் சட்டைப் பொத்தானைத் திருகிப் பார்த்தாள். திருகினால் கழன்று வரும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

“அஞ்சு மணி பஸ்ஸுக்குள்ள சொல்லிரு” என்றாள் முத்துப்பேச்சி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடி நிழலுக்குப் போனாள்.

சொர்ணம் டீச்சரிடம் போனார். நடந்ததைச் சொன்னார்.

“வேட்டியில போனா அன்னைக்கு நான் நானா இருப்பேனான்னு தெரியாது. சேலையில போனா அத்தனை பேரும் என்னையே பாப்பாங்க, பிள்ளையைப் பாக்கமாட்டாங்க. போகாம இருந்தா…” அவர் கிணற்றடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “எனக்கு அந்தப் பிள்ளை மடியில வேணும் டீச்சர். வேட்டியா, சேலையா?”

டீச்சர் ஒரு டப்பாவில் சுண்ணாம்பைக் கரைத்து அவர் கையில் கொடுத்தார்.

“பத்தாவது வரிசையில பூ விட்டிருக்கு. ஆண் மரத்துக்கெல்லாம் பொட்டு வச்சிட்டு வாங்க.”

பப்பாளிக்காரர்கள் வழக்கம் அது. குழிக்கு மூன்று கன்றாக நடுவார்கள். பூ விடும் வரைக்கும் எது ஆண் எது பெண் என்று யாருக்கும் தெரியாது. பூத்த பிறகு பார்ப்பார்கள். பெண் பூ தண்டோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஆண் பூ நீளக் காம்பில் கொத்தாகத் தொங்கும். தொங்குகிற மரத்துக்குச் சுண்ணாம்புப் பொட்டு வைப்பார்கள். இருபதுக்கு ஒன்றை விட்டுவிட்டு, பொட்டு வைத்ததையெல்லாம் பிடுங்கி எறிந்துவிடுவார்கள்.

சொர்ணம் பொட்டு வைத்துக்கொண்டே போனார். ஆறு குழி முடிந்தது. ஏழாவது குழியில் ஒரு மரம். நீளக் காம்பு, கொத்துக் கொத்தாகத் தொங்கும் பூ. சந்தேகமே இல்லை. பொட்டு வைத்தார். வைத்துவிட்டு நிமிரும்போது காம்பு நுனி கண்ணில் பட்டது.

அங்கே பிஞ்சு இருந்தது. ஒன்று இல்லை, மூன்று. ஊஞ்சலில் உட்கார்ந்த மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

சொர்ணம் எட்டிப் பிடித்தார். காம்பை அப்படியே ஒடித்துக்கொண்டு ஓடினார். நாற்பத்தாறு வயதில் அவர் அப்படி ஓடியதை நாய் எழுந்து நின்று பார்த்தது.

“டீச்சர், பாருங்க. ஆண் மரம். காய்ச்சிருக்கு.”

டீச்சர் வாங்கிப் பார்த்தார்.

“எனக்குப் பதில் கிடைச்சிருச்சு” என்றார் சொர்ணம். அவருக்கு மூச்சு வாங்கியது. “இதை மூத்தார் முன்னால வைக்கப்போறேன். பாத்துக்கோங்க, மரத்துலயே இருக்கு, மனுஷங்கிட்ட இருந்தா என்னன்னு கேக்கப்போறேன். கொடுவா மீனு கூடப் பாதி வயசு வரைக்கும் ஆணா இருந்துட்டு அப்புறம் பெண்ணா மாறுமாமே, அதையும் சொல்லப்போறேன். ஆணும் பெண்ணும் ஒரே உடம்புல இருக்கிற நத்தையையும் சொல்லுவேன். நாவலையும் இதை வச்சே முடிச்சிரலாம். கடைசி அத்தியாயம் பூரா பப்பாளிதான்.”

“நல்லாத்தான் இருக்கு. இன்னும் மூணு மாசம் விட்டிருந்தா இது எவ்வளவு பெருசா வந்திருக்கும்?”

“தேங்காய் அளவுக்கு வந்திருக்கும்.”

“இப்போ?”

சொர்ணம் கையைப் பார்த்தார். ஒடித்த இடத்திலிருந்து பால் வழிந்து முழங்கைக்கு இறங்கியிருந்தது.

“காய்ச்சுக்கிட்டு இருந்ததை ஒடிச்சிட்டு வந்து, காய்க்கும்னு காட்டுறீங்க” என்றார் டீச்சர்.

சொர்ணம் மெதுவாகப் பக்கத்திலிருந்த மண்திட்டின் மேல் உட்கார்ந்தார். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எங்க அப்பா ஊர்ல ஒரு இலுப்பை மரம் இருந்துச்சு. எவனைப் பத்திப் பேசினாலும் அந்த மரத்தைத்தான் இழுப்பாங்க. வீரன்னா, இந்தா நிக்குதே இலுப்பை, அது மாதிரின்னு சொல்லுவாங்க. கோழைன்னா, காத்துக்கு ஆடுதே இலுப்பை, அது மாதிரின்னு சொல்லுவாங்க. பெண் பாக்க வந்தவன் பூத்த இலுப்பைன்னான். பிள்ளை இல்லாதவளை ஏசினவளும் இதைத்தான் காட்டினா. கோர்ட்டுக்குப் போற மாதிரி தினம் பத்து வழக்கு. மரத்துக்குத் தலைவலி வந்துருச்சு.”

“சரி.”

“ஒரு நாள் மத்தியானம் ஊரு சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கும்போது, வேரைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டுக் கிளம்பிப் போயிருச்சு.”

“எங்க போச்சு?”

“தூத்துக்குடி. ஹார்பர்ல நிக்குது. அங்க யாருக்கும் மரத்தைப் பாக்க நேரமில்லை. போன வருஷம் போயிருந்தேன். நல்லா சதை போட்டிருக்கு.”

சொர்ணத்துக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

“அப்போ எனக்கு யாரு சாட்சி டீச்சர்?”

“எதுக்குச் சாட்சி? பப்பாளிகிட்ட சிபாரிசு வாங்கிட்டுப் போனாத்தான் மருமகளைத் தூக்க முடியுமா?”

“அவங்க கேட்டா நான் என்ன சொல்ல?”

“அந்த மூத்தாருக்கு மீசை எதுக்கு வளருதுன்னு அவரு யார்கிட்டயாவது சாட்சி வாங்கினாரா?”

“இல்லை.”

“கொடுவா மீனு மாறுதுன்னு இளவெயில் மாறலை. மீனுக்கு அதோட சோலி. இளவெயிலுக்கு அன்னைக்குக் காலையில எப்படி இருந்துச்சு, அதை எழுதுங்க. பப்பாளி வேலி ஓரமா நிக்கட்டும். அதுவும் கதையில வரலாம், வேணாம்னு சொல்லலை. சும்மா பப்பாளியா வந்துட்டுப் போகட்டும்.”

கிணற்றடியில் யாழினி எதற்கோ அழ ஆரம்பித்தாள். நாயைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகவேண்டும் என்பது அவள் வழக்கு. நாய் ஒப்புக்கொள்ளவில்லை.

“காது குத்தும்போது மடியில வச்சிருக்கிறவங்களுக்கு என்ன வேலை?” என்று டீச்சர் கேட்டார்.

“தலை அசையாம பிடிச்சுக்கணும். அசைஞ்சா ஊசி வேற இடத்துல இறங்கிரும்.”

“பிடிப்பீங்களா?”

“பிடிப்பேன்.”

“பிள்ளை கத்தும். கடிக்கும். ஊரு பூரா சுத்தி நின்னு உங்களைத்தான் பாக்கும்.”

“பாத்தா பாத்துட்டுப் போகட்டும். பிள்ளை கடிக்கிறப்ப நான் ஊரைப் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?”

“முதல்ல கையைக் கழுவுங்க. பப்பாளிப் பால் பட்டா அரிக்கும்.”

சொர்ணம் கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினார். திரும்பும் வழியில் ஏழாவது குழிக்குப் போய், ஈரக்கையால் மரத்தின் பொட்டை அழித்துவிட்டு வந்தார். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. முத்துப்பேச்சி பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வேகமாக வந்தாள்.

“அண்ணே, பஸ் வந்துருச்சு. பத்திரிகையில என்ன போடச் சொல்ல?”

“சொர்ணம் மடியில்னு போடச் சொல்லு.”

“தாய்மாமன்னு போடவா?”

“போடு. பெரியம்மான்னும் போடு. இடம் இல்லைன்னா ரெண்டையும் விட்டுரு. பேரு மட்டும் தப்பில்லாம வரணும். நான் வந்துருவேன்.”

முத்துப்பேச்சி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு யாழினியின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

பஸ் போன புழுதி அடங்கும் வரை சொர்ணம் வேலி ஓரமாகவே நின்றார். பிறகு டீச்சரிடம் வந்தார்.

“போறேன்னு சொல்லிட்டேன் டீச்சர். எதைக் கட்டிக்கிட்டுப் போகட்டும்?”

டீச்சர் நாவல் கட்டைப் பிரித்து, அதில் ஒரு பாறையைப் பேனாவால் அடித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“பருத்தியாப் பாத்துக் கட்டுங்க. பிள்ளை அழுதா கண்ணைத் துடைக்கணும். பட்டு ஈரத்தை இழுக்காது.”