பலாப்பழம் என்று வரையப்பட்ட அழுங்கு

ஒரு ஊர்ல ஒரே ஒரு அழுங்கு இருந்துச்சு. பேரு அப்பாவு. அழுங்குன்னா தெரியுமில்ல மரகதம்? மூக்கு நீளம், வாலு அதைவிட நீளம், உடம்பு பூரா ஓடு வேஞ்ச மாதிரி செதில். பயந்துட்டா 'சுருட்'டுனு பந்தா சுருண்டுக்கும்.

"அது மீனா சித்தப்பா?"

செதில் இருக்கிறதெல்லாம் மீன் இல்லம்மா. தலையணையில தலையை வை.

அந்த ஊர்ல மனுஷங்களே கிடையாது. சமைக்கிறது பேச்சியம்மாங்கிற யானை. தீர்ப்பு சொல்றது ஒரு கிழட்டு ஆமை. அப்புறம் வெள்ளையம்மான்னு ஒரு கொக்கு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது அவ அலகை மையில 'சளக்'குனு முக்கி, ஊரையே ஒரே படமா வரைஞ்சுடுவா. படத்துல நீ எப்படி இருக்கியோ, அடுத்த படம் வரைக்கும் நீ அப்படித்தான். அதுதான் சட்டம். போன வருஷம் தாள்ல இடம் பத்தலைன்னு கழுதைக்கு மூணு காலோட நிறுத்திட்டா. அது வருஷம் பூரா நாலாவது காலைத் தூக்கிக்கிட்டே திரிஞ்சுது. "கால் வலிக்குதா?"ன்னு கேட்டா, "எந்தக் கால்?"னு முறைக்கும்.

"ம்."

இந்த வருஷம் படம் வரையற அன்னிக்கு அப்பாவு பலாமரத்தடியில நின்னான். கொக்கு ஒத்தைக் கண்ணால உத்துப் பார்த்தா. அவ்வளவுதான், 'சுருட்'! கொக்கு என்ன பண்ணுவா? மரத்தடியில உருண்டையா, சொரசொரன்னு ஒண்ணு. ஒரு பலாப்பழம் வரைஞ்சு, காம்பும் போட்டுட்டா.

மறுநாள் காலையில அப்பாவு கண் முழிச்சா, ஒரு குரங்கு அவன் முதுகுல 'டொக் டொக்'குனு தட்டி, "சாயங்காலத்துக்குள்ள பழுத்துடும்"னு சொல்லிட்டுப் போகுது. அந்தப் பக்கம் பேச்சியம்மா அரிவாள்ல நல்லெண்ணெய் தடவுறா. பலாப்பழம் அறுக்கிறதுக்கு முன்னாடி தடவணுமில்ல, இல்லேன்னா பால் ஒட்டிக்கும்.

"அக்கா, நான் பழமில்லக்கா! அப்பாவு!"

"எல்லாப் பழமும் இதைத்தாண்டா சொல்லுது," அப்படின்னா பேச்சியம்மா.

"நேத்து கூட என்கிட்ட உப்புக் கடன் வாங்கினீங்களே?"

"அது நேத்துடா. இன்னைக்கு ஊர் விருந்து, அதுதான் யோசனை."

அப்போ அவன் ஆமைகிட்ட ஓடினான். ஆமை மூக்குக்கண்ணாடியைத் துடைச்சு, மாட்டி, மறுபடி கழட்டித் துடைச்சு, "மூணு சோதனை. ஒண்ணுல ஜெயிச்சாக்கூட நீ மிருகம்"னுச்சு.

முதல் சோதனை, நடக்கணும். பழம் நடக்காதில்ல? அப்பாவு ஒரு அடி வைச்சான். ஊரே வேடிக்கை பார்க்க, முயல் ஒண்ணு தம்பட்டத்தை 'டமார்'னு அடிச்சுது. 'சுருட்'! மேட்டுலேர்ந்து உருள் உருள் உருள்னு உருண்டு போய் வேலியில 'தொப்'!

"உருளுது. பழம்," அப்படின்னு எழுதிக்கிச்சு ஆமை.

ரெண்டாவது, பேசணும். வாயைத் திறந்தான். முன்னூறு கண்ணு அவனையே பார்த்துச்சு. 'சுருட்'! உள்ளேயிருந்து 'ம்ம்ம்ம்'னு ஒரு சத்தம்தான் வந்துச்சு. ஆமை காதை வைச்சுக் கேட்டுட்டு, "உள்ளே வண்டு இருக்கு. நல்லாப் பழுத்த பழம்"னுச்சு.

"ஐயோ! அப்புறம்?"

மூணாவது, சாப்பிடணும். அவன் முன்னாடி ஒரு எள்ளுருண்டை வைச்சாங்க. அப்பாவு நாக்கை நீட்டினான். இத்தனை நீள நாக்கு. தொடப் போறான், தொட்டுட்டான்... பின்னால பேச்சியம்மா அரிவாளைத் தீட்டினா, 'சரக், சரக்'. 'சுருட்'! எள்ளுருண்டையையும் சேர்த்து உள்ளே வைச்சுச் சுருண்டுட்டான். உடனே எறும்புங்க சாரிசாரியா வந்து அவன் மேல ஏறிடுச்சு.

"எறும்பு மொய்க்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"னுச்சு ஆமை.

கழுதை மட்டும் ஓரமா நின்னு, "அது அப்பாவுதாங்க, எனக்குத் தெரியும்"னுச்சு. "முதல்ல உன் காலை எண்ணிக்கிட்டு வா"ன்னுட்டாங்க.

எல்லாரும் கொக்கைப் பார்த்தாங்க. அவளுக்கும் சந்தேகம்தான். ஆனா வெள்ளையம்மா தப்புன்னு ஒருநாளும் சொன்னதில்லை. அண்ணாந்து மேகத்தைப் பார்த்தா.

பேச்சியம்மா அரிவாளை ஓங்கினா. "நில்லு!"னுச்சு ஆமை. "அறுக்கறதுக்கு முன்னாடி விருந்துச் சட்டத்தைப் பழத்துக்கு முழுசா வாசிச்சுக் காட்டணும். நானூத்திப் பன்னெண்டு விதி." அப்புறம் விருந்தையும் படம் வரையணுமேன்னு கொக்கு பெரிய தாளை விரிச்சா.

ஆமை வாசிச்சுது. விதி ஒண்ணு. விதி ஒண்ணுக்கு விளக்கம். விளக்கத்துக்கு விலக்கு. விலக்குக்கு ஒரு அடிக்குறிப்பு. முப்பதாவது விதியில குரங்கு 'ஆ...வ்'னுச்சு. நூறாவது விதியில எறும்புங்க சாரியாவே படுத்துக்கிச்சு. இருநூறுல பேச்சியம்மா அரிவாளைக் கட்டிக்கிட்டு 'கொர்ர்ர்'. நானூறுல ஆமையே பாதி வார்த்தையில தூங்கிடுச்சு.

அப்பாவு? எத்தனை நேரம்தான் பயப்படுவான், பாவம்! அவனும் தூங்கிட்டான். தூங்கினதும் மெதுவா... மெதுவா... அவிழ்ந்துச்சு. முதல்ல வாலு. அப்புறம் நாலு காலு. அப்புறம் நீள மூக்கு, அது நுனியில ஒரு எள்ளு.

கொக்கு மட்டும் முழிச்சிருந்தா. அவனையே பார்த்தா. பழைய படத்துல தான் போட்ட காம்பைப் பார்த்தா. சுத்திமுத்தி பார்த்துட்டு, அலகை 'சளக்'குனு முக்கினா. மிருகம் அப்பாவு, தூங்கறான். பேச்சியம்மா, தூங்கறா. ஆமை, தூங்குது. கழுதைக்கு நாலு கால் போட்டா, நாலும் தூங்குது.

இப்போ படத்துல எல்லாரும் தூங்கறாங்க. அடுத்த படம் வரைக்கும் யாரும் எழுந்திருக்க முடியாது. சட்டமாச்சே!

"சித்தப்பா... எப்போ எழுந்திருப்பாங்க?"

காலையில வெள்ளையம்மா வேற படம் வரைவா. கண்ணு திறந்த படம். விருந்து நாள் அதுக்குள்ள போயிடும்.

"கொக்கு தூங்காதா?"

அவ தன்னை வரைஞ்சுக்கவே இல்லையே. அதனால சட்டப்படி அவ ஊர்லயே இல்லை. இல்லாதவகிட்ட யாரு போய்த் தப்பு பண்ணினியான்னு கேக்கிறது?

"என்னை... வரைஞ்சாளா?"

வரைஞ்சிருக்கா. ஓரத்துல, சின்னதா, போர்வையோட.

"கண்ணு திறந்தா, மூடியா?"

மூடி.

"...ம்."

மை காயட்டும். அசையாதே, தூங்கு.