முங்கியின் மிதக்கும் கூடு

காட்டுக்கு நடுவே ஒரு குளம். குளத்துக்கு நடுவே ஒரு கோரைப் புதர். அந்தப் புதரோரம் மிதந்த கூட்டில் முங்கி என்ற முக்குளிப்பான் குருவி, நாலு முட்டைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முக்குளிப்பான் மரத்தில் கூடு கட்டாது. தரையிலும் கட்டாது. ஈரப் பாசியையும் அழுகிய தண்டையும் குவித்துத் தண்ணீர் மேலேயே மிதக்க விடும். காற்றில் ஓடிவிடாமல் இருக்கக் கோரையில் லேசாகக் கொளுவி வைக்கும். அழகுதான். ஆனால் தொல்லை பிடித்த அழகு! ஊறின பாசி கனக்குமல்லவா? கூடு தினமும் கொஞ்சம் இறங்கும். தினமும் தண்ணீருக்குள் முங்கி எழுந்து புதுப் பாசி போட வேண்டும். சோம்பி உட்கார்ந்தால் முட்டைக்குத் தண்ணீர் வந்துவிடும்.

கரையின் மண்சுவரில் பொந்து குடைந்திருந்த சிச்சிலி என்ற மீன்கொத்தி, ஒருநாள் கோரை மேல் வந்து உட்கார்ந்தான்.

"என்னக்கா, இன்னைக்கும் பாசியா?"

"ஆமா தம்பி. நேத்து போட்டது இறங்கிப்போச்சு."

"நாளைக்கு?"

"நாளைக்கும்தான்."

"அட போக்கா! இதெல்லாம் ஒரு பொழப்பா? என்னைப் பாரு. ஒரே தடவை குடைஞ்சேன், முடிஞ்சது! இனிமே வாசல்ல உட்கார்ந்து காலாட்ட வேண்டியதுதான்!"

சொல்லிவிட்டு அவன் பறந்துவிட்டான். முங்கிக்குத்தான் மனசு ஆறவில்லை.

மறுநாள் விடியலில் குளம் முழுக்கப் பனி. கூடு மெல்ல மெல்ல ஆடியது. அந்த ஆட்டத்தில் முங்கிக்குக் கண் செருகியது. முட்டைக்குள்ளிருந்து 'டொக் டொக்' என்று சின்னச் சத்தம் கேட்டது. தூக்கத்தில் ஒரு கனவு வந்தது. ஆடாத அசையாத ஓர் இடம். காய்ந்த தரை. அவள் ஒரு வேலையும் இல்லாமல் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறாள்! விழித்துப் பார்த்தால் வயிற்றடியில் ஜில்லென்று ஈரம்.

"சீ! இறங்கிடுச்சு! இதே எழவாப் போச்சு!" என்று கத்தினாள்.

பக்கத்தில் ஒரு பாறை தண்ணீருக்கு மேல் முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. அதன் சரிவில் ஒரு வெடிப்பு. முங்கி அதையே பார்த்தாள். பிறகு கோரையிலிருந்து கூட்டை அவிழ்த்து, நெஞ்சால் தள்ளித் தள்ளிப் பாறைச் சரிவில் ஏற்றினாள். கூட்டின் தண்டுகளை வெடிப்புக்குள் இறுக்கிச் செருகினாள்.

"இனி எது வந்தாலும் அசையாது!"

அசையவும் இல்லை. இறங்கவும் இல்லை. முங்கி காலாட்டிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என்னவோ குறைந்தது. ஆட்டம் இல்லாததால் தூக்கம் வரவில்லை. தூக்கம் வராததால் கனவும் வரவில்லை. முட்டைகளும் சத்தமில்லாமல் கிடந்தன. "பிள்ளைங்க கோவிச்சுக்கிட்டாங்களோ?" என்று அவளுக்குக் கவலையாக இருந்தது.

அன்று உச்சிவேளைக்கு மேல் மலையில் மழை பிடித்தது. ஓடை செந்நிறமாகக் குளத்தில் வந்து விழுந்தது. தண்ணீர் சரசரவென்று ஏறியது. மிதக்கிற கூடாக இருந்தால் தண்ணீரோடு கூடவே ஏறியிருக்கும். இதுதான் பாறையைக் கவ்விக்கொண்டு நிற்கிறதே!

"ஐயோ, என் பிள்ளைங்க!" முங்கி தண்டுகளைப் பிடித்து இழுத்தாள். அவள் இறுக்கிய இறுக்கு அவளுக்கே அவிழவில்லை.

அப்போது சிச்சிலி அலறிக்கொண்டு வந்தான். "அக்கா! என் பொந்துக்குள்ள மீன் நீந்துது! நான் மீனைத் தேடிப் போன காலம் போய், மீன் என்னைத் தேடி வந்துடுச்சு!"

"கதை பேசாதே தம்பி! முதல்ல இதைப் புடுங்கு!"

சிச்சிலி கூட்டைப் பார்த்தான். தான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு வேலையில் இறங்கினான். மண்சுவரையே குடைந்த அலகு அது. ஒவ்வொரு தண்டாகப் பிடுங்கினான். கடைசித் தண்டு மட்டும் வரவே இல்லை. தண்ணீர் முட்டையைத் தொட்டுவிட்டது!

முங்கி சட்டென்று முங்கினாள். கலங்கின தண்ணீருக்குள் கண் தெரியவில்லை. தலையைக் கொடுத்துக் கூட்டை அடியிலிருந்து முட்டினாள். மேலே சிச்சிலி இழுத்தான். 'பொளக்'கென்று கூடு விடுபட்டு மிதந்தது.

அவள் அதைக் கோரைக்குத் தள்ளிக்கொண்டு போய் லேசாகக் கொளுவினாள். தண்ணீர் ஏறியது. கூடும் ஏறியது. திரும்பிப் பார்த்தபோது பாறையைக் காணோம்.

முங்கி முட்டைகள் மேல் படுத்தாள். சத்தமே இல்லை. கூடு ஒருமுறை ஆடியது. இன்னொருமுறை ஆடியது.

'டொக்.'

முங்கி வாய்விட்டு அழுதாள்.

"உன்னைக் கெடுத்தது நான்தான்க்கா" என்றான் சிச்சிலி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"விடு தம்பி. நீ சொன்னே. செஞ்சது நான்தானே? நீ வந்திருக்காட்டி என் பிள்ளைங்க இல்லை. உன் வீடு போச்சேன்னுதான் எனக்கு வருத்தம்."

"வீடு போனா என்ன, அலகு இருக்கே! இன்னும் கொஞ்சம் மேலே குடைஞ்சுக்கறேன்." சொன்னவன் அப்போதே கரைக்குப் பறந்தான்.

மறுநாள் விடியலில் மறுபடியும் பனி. மறுபடியும் மெல்லிய ஆட்டம். முங்கி கனவிலிருந்து விழித்தாள். வயிற்றடியில் ஜில்லென்று ஈரம்.

"இறங்கியிருக்கு!" என்று கூவினாள். "அப்படின்னா என் வீடு இன்னும் மிதக்குது!"

முங்கினாள். வாய் நிறையப் பாசியோடு எழுந்தாள். கூட்டில் ஒரு முட்டை விரிசல் விட்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு குட்டி அலகு எட்டிப் பார்த்தது.

தினமும் செய்யவேண்டியிருக்கிறதே என்று நாம் சலித்துக்கொள்ளும் வேலைதான், வெள்ளம் வரும் நாளில் நம்மை மிதக்கவைக்கிறது.